வளர்பிறைக்காரர் வரும்வரை

வரமாட்டார்கள். கிளமென்ற் கோல் கம்பத்தில் முதுகைச் சாய்த்து, மணலில் காலை நீட்டி உட்கார்ந்திருந்தான். வரமாட்டார்கள் என்று நினைத்த கையோடு, வராமல் விடட்டும் மாதாவே என்று உள்ளே ஒரு குரல் கெஞ்சுவதும் கேட்டது. அது தன் குரல்தான் என்று தெரிந்ததும், யாரும் கேட்டிருப்பார்களோ என்பதுபோல நிமிர்ந்து பார்த்தான். ஒருவரும் அவன் பக்கம் பார்க்கவில்லை. அவனுடைய விடிவெள்ளிக் கழகப் பெடியள் நடுவட்டத்தில் நின்று பந்தைத் தட்டிக்கொண்டிருந்தார்கள். சோளகக் காற்று மைதானத்தை நீளவாட்டில் அறுத்துக்கொண்டு போனது, பல்லுக்குள் மணல் நெறுநெறுத்தது. கோயில் மதிலோரம் மோட்டார் சைக்கிள்களில் குந்தியிருந்த சங்குமுனை ஊர்ச் சனம் வேர்க்கடலைக் கோதுகளைக் காற்றில் பறக்கவிட்டுக்கொண்டிருந்தது, ஐஸ்கிறீம் வான்காரன் ஒரே மெட்டைத் திரும்பத் திரும்பப் போட்டுக்கொண்டிருந்தான், அந்த மெட்டின் கடைசிச் சுரம் ஒவ்வொரு முறையும் இழுபட்டு, அறுந்து, பிறகு முதலிலிருந்து. மாவட்ட உதைபந்தாட்ட லீக்கின் கடைசி ஆட்டம். விடிவெள்ளி தோற்றால் இரண்டாம் பிரிவுக்கு இறங்கும், இலுப்பைவெளி வளர்பிறை வெல்லாவிட்டால் அது இறங்கும். சமன் வந்தாலே விடிவெள்ளிக்குப் போதும். ஒரு கோல் விடாமல் இருந்தால் போதும். ஒரு கோல். அவன் இடக்கண்ணைப் பொத்தினான். வலக்கண்ணில் நடுவட்டத்துப் பெடியள் கஞ்சித் தண்ணிக்குள் நிற்பவர்களைப்போல நின்றார்கள், குறுக்கே அந்தக் கறுப்பு நூல், அவன் பார்வையைத் திருப்பத் தானும் திரும்பி, கொஞ்சம் பிந்தி வந்து நின்றது. பந்து எங்கே? பந்தைக் காணவில்லை. கையை எடுத்தான், பந்து இருந்தது. திரும்பப் பொத்த வேண்டும்போல இருந்தது, பொத்தினான். நாக்கால் சொத்தைப் பல்லைத் தடவிக்கொண்டிருப்பதுபோல இது ஒரு பழக்கமாகிவிட்டது. ஐஸ் பக்டரியில், கோயிலில், பெண்சாதி மெற்றில்டா சோறு போடும்போது, ஒரு கண்ணை மூடுவதும் மற்றதை மூடுவதும். யாராவது கேட்டால் தூசி என்பான். சோளகத்தில் தூசிக்கு என்ன பஞ்சம்?

பேதுருப்பிள்ளை கோட்டோரமாக நடந்து வருவது தெரிந்தது. எத்தனையோ காலமாகக் கழகத்தின் செயலாளர், வள்ள எஞ்சின் திருத்துகிறவர், சந்தோஷம் வந்தாலும் கோபமாகவே பேசுகிற மனுசன். கையில் போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு வந்தார். "வான் நிண்டுபோச்சாம். தாம்போதியிலை நிக்கிறாங்களாம். கருணைநாதன்தான் எடுத்தவன். வாறம், கொஞ்சம் பொறுங்கோ எண்டுறான்." "எத்தினை பேராம்?" என்று கிளமென்ற் கேட்டான். "ஆருக்குத் தெரியும்? உவங்களிட்டை இப்ப ஆள் எங்கை கிடக்கு? போன மாசமும் ரெண்டு பேர் கட்டாருக்குப் போட்டாங்கள். நீ ஒண்டும் யோசியாதை. அரை மணித்தியாலம் முடிய றெபறி விசிலை ஊதுவார், வராதவங்கள் தோத்தவங்கள், வோக்கோவர், நாங்கள் தப்பிட்டம். எழும்பாமல் அப்பிடியே இரு." சொல்லிவிட்டு முகத்தைச் சுளித்துக்கொண்டு போனார், அது அவருடைய சிரிப்பு. எழும்பாமல் அப்பிடியே இரு. அதைவிட வேறென்ன வேண்டும்? முழங்கால் கேட்பதும் அதைத்தான், இடுப்புக் கேட்பதும் அதைத்தான். கருணைநாதன், வளர்பிறையின் முன்வரிசைக்காரன், அந்தத் தாம்போதி றோட்டில் நின்று போனைக் காதில் அழுத்திப் பிடித்திருப்பான், இரண்டு பக்கமும் தண்ணி, காற்று அவன் வார்த்தையைக் கொண்டுபோயிருக்கும், இரண்டுதரம் சொல்லியிருப்பான், வாறம் அண்ணை, வாறம். நெட்டையன், கோணல் காலன், அந்தக் காலால் எந்தப் பக்கம் அடிப்பான் என்று அவனுக்கே தெரியாது, பிறகு மற்றவனுக்கு எப்படித் தெரியும்? போன வருஷம் ஒரு கோர்ணருக்குப் பாய்ந்தபோது கிளமென்றின் விரலை மிதித்துவிட்டான். அடுத்தநாள் பஸ் ஏறி வந்து வாசலில் நின்றான், கையில் ஒரு சீப்பு வாழைப்பழம், மெற்றில்டா யாரென்று தெரியாமல் தபால்காரனென்று நினைத்துக் கையெழுத்துப் போடவோ என்று கேட்டாள். அவன் போன பிறகு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். விரல் இன்னும் முழுக்க மடங்காது. ஐஸ் கட்டிகளைத் தள்ளும்போது அந்த விரல்தான் முதலில் விறைக்கும், பிறகு மற்றவை.

இறங்கினால் என்ன? இறங்கினால் ஒன்றும் ஆகாது, கடல் வற்றாது, கோயில் மணி அடிக்காமல் விடாது. அப்படித்தான் அவன் தனக்குச் சொல்லிப் பார்த்தான், சொல்லச் சொல்ல நெஞ்சுக்குள் ஏதோ இறங்கிக்கொண்டே போனது. இரண்டாம் பிரிவு ஆட்டங்களை அவன் பார்த்திருக்கிறான், உப்பளத்துக்குப் பின்னால் உள்ள கட்டாந்தரையில், மாட்டைக் கலைத்துவிட்டு, வேலை நாளில், வெயிலுக்குள். அங்கே ஐஸ்கிறீம் வான் வராது. நல்லாய் விளையாடுகிற பெடியளை ரவுணிலிருந்து பெரிய கழகங்கள் வந்து கொத்திக்கொண்டு போகும், மிச்சப்பேர் கொழும்புக்கு, கட்டாருக்கு, ஏலுமானவன் பிரான்சுக்கு. விடிவெள்ளியின் பழைய பதினொருவரில் பாதிப்பேர் இப்போது பாரிஸில் ஞாயிற்றுக்கிழமைகளில் சேர்ந்து விளையாடுகிறார்களாம், அதற்கும் விடிவெள்ளி என்றுதான் பேராம், போட்டோ அனுப்பியிருந்தார்கள், குளிருக்குத் தொப்பி போட்டுக்கொண்டு. இஞ்சை இருக்கிறது ஒரு யேர்சிப் பெட்டியும் பேதுரு அண்ணையும் நானும். போன வருஷம் அவனுக்குப் பதிலாக நிற்கப் பழகிய கோல்கீப்பர்ப் பெடியனும் போய்விட்டான், துபாயில் லிப்ற் திருத்துகிறானாம். அதனால்தான் இந்த நூலோடு, இந்தக் கஞ்சித் தண்ணிக் கண்ணோடு, முப்பத்தெட்டு வயதில். நிற்க ஆளில்லை என்றால் நிற்கிறவன் நிற்கத்தானே வேண்டும். இது சரியான நியாயமா என்று யோசிக்கப்போனான், யோசனை பாதியில் நின்றுவிட்டது, ஐஸ்கிறீம் மெட்டு அதற்குள் புகுந்துகொண்டது.

கண் கிளினிக்கில் இருந்த டொக்டர் ஒரு சின்னப் பிள்ளை. கன்னத்தில் பரு. இருட்டறைக்குள் அவன் கண்ணுக்குள் வெளிச்சத்தைப் பாய்ச்சி நெடுநேரம் பார்த்துவிட்டு, "ஐயா, சீனி வருத்தம் எப்ப இருந்து?" என்று கேட்டாள். ஐயா. அதுதான் முதலில் சுட்டது. நீரிழிவு வருத்தத்தைவிட அதுதான். நேற்றுவரை அண்ணை என்றவர்கள், போன வாரமும் தம்பி என்று கூப்பிட்ட மீன்காரக் கிழவி, இந்தப் பிள்ளைக்கு நான் ஐயா. கண்ணுக்குள்ளே இரத்தம் கசியுது என்றாள், லேசர் பிடிக்கவேணும் என்றாள், திகதி தந்தாள். பாரம் தூக்கக் கூடாது, தலையில் அடிகிடி படக் கூடாது, நீங்கள் என்ன வேலை ஐயா என்றாள். ஐஸ் பக்டரி என்றான். பந்துக்குப் பாய்கிறதைச் சொல்லவில்லை. சொன்னால் சிரிப்பாளோ என்று நினைத்தான், சிரிக்காமல் விட்டால் இன்னும் மோசம். அந்தத் திகதி ஒரு ஆட்ட நாளில் விழுந்தது, போகவில்லை. வீட்டில் சொன்னபோது மெற்றில்டா அரிக்கஞ்சட்டியைக் கீழே வைத்தாள். "கண் போனாப்பிறகு என்ன செய்யப்போறியள்? கோல் கம்பத்தைக் கட்டிப்பிடிச்சுக்கொண்டு இருக்கப்போறியளோ?" அவன் சாரத்தை மடித்துக் கட்டினான். "பேதுரு அண்ணையிட்டை நான் போய்ச் சொல்லட்டோ?" "வேண்டாம்." "ஏன்?" "இந்த சீசன் முடியட்டும்." "சீசன், சீசன்" என்று அவள் சட்டியை எடுத்துக்கொண்டு கிணற்றடிக்குப் போனாள், அங்கே நெடுநேரம் அரிசியைக் களைந்துகொண்டிருந்தாள், அவ்வளவு களைந்தால் அரிசியில் என்ன மிஞ்சும். இன்றைக்கு அவள் மதிலோரம் இல்லை. வரமாட்டன் என்று சொல்லிவிட்டாள். ஒருநாள் இடக்கண்ணிலும் ஒரு நூல் வரும். காலையில் எழும்ப அது அங்கே நிற்கும். அதற்குப் பிறகு ஒருநாள் எழும்ப, விடியாது. அவன் அந்த இடத்துக்கு வரும்போதெல்லாம் மனம் கால் வழுக்கித் திரும்பி ஓடிவரும், வேறு எதையாவது பிடித்துக்கொள்ளும், வாழைப்பழத்தை, தாம்போதியை, பல்லுக்குள் நெறுநெறுக்கிற மணலை.

வராமல் விடட்டும். இந்தக் கெஞ்சல் கண்ணால் வந்ததென்று அவன் நம்பியிருந்தான், கண் சரியாக இருந்தால் இப்படியெல்லாம் கேட்கமாட்டேன் என்று. ஆனால் திடீரென்று அந்த லொறி ஞாபகத்தில் வந்து நின்றது. சண்டையும் ஊரடங்கும் திரும்பவும் தொடங்கிய வருஷம். அவன் அப்போதுதான் கழகத்துக்கு வந்திருந்தான், தூர இடமொன்றில் ஆட்டம், லொறியின் பின்னால் நின்றுகொண்டு போனார்கள். சோதனைச் சாவடியில் இறக்கினார்கள், சப்பாத்தைக் கழற்றச் சொன்னார்கள், வெறுங்காலோடு கொதிக்கிற தாரில் வரிசையாக நிற்க வைத்தார்கள். ஒரு சிப்பாய் அவனுடைய கையுறைகளை ஒவ்வொரு விரலாக உள்ளே வெளியே புரட்டிப் பார்த்தான், தன் கையில் போட்டும் பார்த்தான், பெரிதாக இருந்ததோ என்னவோ சிரித்தான். விட்டு, போய்ச் சேர, மைதானத்தில் ஒருவரும் இல்லை, ஒரு கிழவன் வலையை அவிழ்த்துச் சுருட்டிக்கொண்டிருந்தான். வோக்கோவர் எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள். மற்றவர்கள் மண்ணை உதைத்தார்கள், தூசணம் பேசினார்கள், இடைவேளைக்கென்று கொண்டுவந்த பணிசை இருந்து தின்றார்கள். அவனும் தின்றான். தின்னும்போது அவனுக்குள் என்ன இருந்தது? இத்தனை வருஷமும் அதைத் திறந்து பார்த்ததில்லை. நிம்மதி. விளையாடவேண்டியதில்லை என்ற நிம்மதி. பணிஸ் இனித்தது. அப்போது இரண்டு கண்ணும் பருந்துக் கண். ஆகவே கண் இல்லை. ஒவ்வொரு ஆட்டத்துக்கு முதலும் யாரோ ஒருவர் வந்து இன்றைக்கு இல்லை என்று சொல்லமாட்டார்களா என்றுதான் இருந்திருக்கிறது, மழைக்குப் பார்த்திருக்கிறான், செத்தவீட்டுக்குப் பார்த்திருக்கிறான், பிறகு விசில் ஊத எழும்பி நின்றிருக்கிறான், எல்லோரும் கிளமென்ற் மலை என்றார்கள். மலை. அவனுக்குச் சிரிப்பு வந்தது, சிரிக்கக் களைப்பாக இருந்தது. இவ்வளவு காலம் பயந்து பயந்தா நின்றேன்? அப்படியானால் பயப்படாமல் ஒருநாளாவது நின்றேனா? தேடினான். ஒன்று கிடைக்கும்போல இருந்தது, கிட்டப்போக அது வேறு யாருடைய ஆட்டமாகவோ மாறிவிட்டது.

"கிளமென்ற்." மத்தியஸ்தர் துரைரட்ணம் மாஸ்ரர் முன்னால் நின்றார், கழுத்தில் விசில், கறுப்பு உடுப்பில் வியர்வை உப்பாகப் படிந்திருந்தது. பாடசாலையில் கணக்குப் படிப்பிக்கிறவர், எதையும் இரண்டு தரம் சொல்லமாட்டார். பின்னால் பேதுருப்பிள்ளையும், ஏழெட்டுப் பெடியளும். "நேரம் முடிஞ்சுது. நான் இப்ப விசிலை ஊதலாம். ஆனா நிக்கிற அணியின்ர தலைவர் பொறுக்கிறன் எண்டு சொன்னா, வெளிச்சம் இருக்கிறவரைக்கும் பொறுக்கவும் ஏலும். சட்டம் அப்பிடித்தான். நீதான் சொல்லவேணும்." "அவன் என்னத்தைச் சொல்லுறது, ஊதுங்கோ மாஸ்ரர்" என்றார் பேதுருப்பிள்ளை. "நான் அவனைக் கேட்டனான்" என்றார் மாஸ்ரர். பின்வரிசையில் விளையாடுகிற ஜெனிற்றன் பந்தை அக்குளுக்குள் வைத்துக்கொண்டு, "அண்ணை, பேசாமல் வோக்கோவரை எடுப்பம். வெண்டு என்ன, எடுத்து என்ன, அடுத்த வருஷமும் முதலாம் பிரிவுதானே" என்றான். எல்லோரும் கிளமென்றின் வாயைப் பார்த்தார்கள். கிளமென்ற் கம்பத்தைப் பிடித்து எழும்பினான், எழும்பும்போது முழங்கால் முறுகியது. ஊதுங்கோ என்று சொல்ல வேண்டும். ஒரு சொல். பிறகு வீடு, கிணற்றுத் தண்ணி, நாளைக்குக் கிளினிக், மெற்றில்டா ஒன்றும் பேசாமல் சீலை மாற்றிக்கொண்டு கூட வருவாள், எல்லாம் அந்த ஒரு சொல்லுக்கு அந்தப்பக்கம் ஆயத்தமாக இருந்தது. வாயைத் திறந்தான். தாம்போதிதான் மனதில் வந்தது, தண்ணி நடுவே நின்ற வான், நீலக் காற்சட்டையோடு அதைத் தள்ளுகிறவர்கள், சோளகம் அவர்களை மறுபக்கமாகத் தள்ளுவது. "பொறுப்பம்" என்றான். தான் சொன்னது காதில் விழுந்தபோது, யாரோ பின்னால் நின்று சொன்னதுபோலத் திரும்பிப் பார்த்தான். அங்கே வலைதான் இருந்தது. "விசரே உனக்கு?" என்று பேதுருப்பிள்ளை கத்தினார். "எங்கட சனம் அங்கை நிக்குதுகள், உனக்கென்ன விசரே?" மாஸ்ரர் தலையாட்டிவிட்டுப் போனார். ஜெனிற்றன் பந்தை நிலத்தில் அடித்தான், அது காற்றில் உருண்டு கோர்ணர்க் கொடிவரை போனது, ஒருவரும் எடுக்கப் போகவில்லை.

அவர்கள் ஒரு வாடகை லொறியில் வந்தார்கள், ஒன்பது பேர். வந்ததும் குதித்து, வேலியோரத்தில் ஓடி ஓடியே உடுப்பு மாற்றினார்கள், ஒருவனுக்குக் காலுறை இல்லை, இன்னொருவன் கையெல்லாம் எஞ்சின் கறுப்பு. கருணைநாதன் கிளமென்றிடம் வந்து, "அண்ணை" என்றான், அதற்கு மேல் மூச்சு வரவில்லை. "போ, போய் நில்" என்றான் கிளமென்ற். ஒன்பது பேருக்கு எதிராகப் பதினொரு பேர். விடிவெள்ளிப் பெடியள் கோபத்தில் விளையாடினார்கள், கோபம் பந்தில் இல்லை, அவனில் இருந்தது, பந்தைப் பின்னுக்கு அவனிடம் தட்டவேண்டிய இடங்களிலும் தட்டாமல் வெளியே உதைத்தார்கள். வளர்பிறைக்காரர் எல்லோரும் தங்கள் கோலுக்கு முன்னால் மதிலாக நின்றுகொண்டார்கள். ஆட்டம் முழுக்க அந்தப் பக்கம். இந்தப் பக்கம் அவன் தனியே, நீண்ட மணல், கம்பத்தின் நிழல் சாய்ந்து சாய்ந்து அவனைத் தாண்டிப் போனது. எல்லாம் தூரத்தில் நடந்தது, கத்தல்கள் காற்றில் பிந்தி வந்தன. சமன் போதும். இப்படியே போகட்டும். இப்படியே அந்தி பட்டுவிடட்டும். இடைவேளையில் ஒருவரும் அவனோடு பேசவில்லை, தண்ணிப் போத்தல் மட்டும் கைமாறி அவனிடமும் வந்தது. இரண்டாம் பாதியில் பக்கம் மாற, வெயில் நேரே கண்ணில். கையை நெற்றியில் வைத்துக்கொண்டான். டொக்டர் பிள்ளை இப்போது என்ன செய்வாள்? வீட்டுக்குப் போயிருப்பாள், தாய் தேத்தண்ணி கொடுப்பாள். மெற்றில்டா அரிசி களைவாள். பாரிஸில் இப்போது மத்தியானம். அப்போதுதான் ஒரு நீண்ட உதை, வளர்பிறைக்காரன் ஒருவன் யோசிக்காமல் வெளியேற்றிய பந்து, மேலே எழும்பி, சோளகத்தில் ஏறி, ஜெனிற்றனின் தலைக்கு மேலால் போய் விழ, கருணைநாதன் ஒருவன் மட்டும் அதன் பின்னால் ஓடி வந்தான். கிளமென்றுக்கு ஓட்டம் தெரிந்தது. நெட்டை உருவம், கோணல் கால், தோள் வலப்பக்கம் சாய்வது, எல்லாம் தெரிந்தது. முன்னுக்கு இரண்டடி வைத்தான், கைகளை விரித்தான். பயம் எங்கே என்று பார்த்தான், இல்லை, அதிசயமாக அது இல்லை, வெறும் களைப்புத்தான், சுத்தமான களைப்பு, அதற்குள் ஒரு அமைதி. கால் வீசியதைக் கண்டான். பந்தைக் காணவில்லை. வலப்பக்கமாகப் பாய்ந்தான், இருக்கவேண்டிய இடத்துக்கு, இத்தனை வருஷமும் உடம்பு படித்து வைத்த இடத்துக்கு. விரல் நுனியில் ஏதோ தொட்டது. நிலத்தில் முகம் குத்தியது. வாய் நிறைய மணலோடு திரும்பிப் பார்த்தபோது வலை அசைந்துகொண்டிருந்தது. காற்றுக்காகவும் இருக்கலாம் என்று ஒரு கணம் நினைத்தான். பிறகு அந்த எட்டுப் பேரும் கத்திக்கொண்டு ஓடி வருவது கேட்டது.

மிச்ச நேரத்தில் ஒன்றும் நடக்கவில்லை. மாஸ்ரர் கடைசி விசிலை ஊதும்போது கடல் பக்கம் சிவந்திருந்தது. சனம் மோட்டார் சைக்கிள்களை உதைத்துக் கிளப்பியது, யாரோ ஒருவன் மட்டும் போகிற போக்கில், "பொறுத்தார் பூமி ஆள்வார்!" என்று கத்தினான், கொஞ்சப்பேர் சிரித்தார்கள். கருணைநாதன் வந்து முன்னால் நின்றான், கும்பிடுவதா கைகொடுப்பதா என்று தெரியாமல் இரண்டுக்கும் நடுவில் கையை வைத்துக்கொண்டு. "அண்ணை, நீங்கள் பொறுக்காட்டி…" "விரல் தொட்டதடா" என்றான் கிளமென்ற். "இன்னும் கொஞ்சம் எட்டியிருந்தால் வெளியிலை." "ஓம் அண்ணை" என்றான் கருணைநாதன், சிறுபிள்ளைபோல. அவர்களுடைய லொறி போனது. பெடியளும் போனார்கள், ஜெனிற்றன் போகும்போது கையுறைப் பையை எடுத்து அவன் பக்கத்தில் வைத்துவிட்டுப் போனான், முகத்தைப் பார்க்கவில்லை, ஆனாலும் வைத்துவிட்டுப் போனான். பேதுருப்பிள்ளை கோர்ணர்க் கொடிகளைப் பிடுங்கி ஒன்றாகக் கட்டினார். நெடுநேரமாகக் கட்டினார். கட்டி முடித்து, மோட்டார் சைக்கிளை உருட்டிக்கொண்டு அவனிடம் வந்தார். "உப்பளத்துக்குப் பின்னாலைதான் இனி" என்றார். "அதுக்கும் கீப்பர் வேணும். உன்னை விட்டா ஆர் இருக்கினம்? மாரி முடியப் பழக்கம் தொடங்கவேணும்." கிளமென்ற் கையுறையின் பட்டியை அவிழ்க்கப் பார்த்தான், மிதிபட்ட விரல் வளைந்து கொடுக்கவில்லை. "பேதுரு அண்ணை." "என்ன?" "எனக்கு வலக்கண் தெரியேல்லை." காற்று ஓய்ந்திருந்ததால் அது அவன் நினைத்ததைவிடச் சத்தமாகக் கேட்டது. பேதுருப்பிள்ளை குனிந்து அவன் முகத்தைப் பார்த்தார். "எப்ப இருந்து?" "போன மாரிக்கு முன்னமே." "டொக்டரிட்டைக் காட்டினியோ?" "காட்டினன். திகதி தந்தவை. போகேல்லை." அவர் கத்தப்போகிறார் என்று கிளமென்ற் காத்திருந்தான். கத்தல் வரவில்லை. மோட்டார் சைக்கிளை நிறுத்திவிட்டு வந்து, எதிரே குந்தி, அவனுடைய கையைத் தன் தொடையில் இழுத்து வைத்து, எஞ்சின் ஆணி கழற்றுகிற விரல்களால் பட்டியை அவிழ்த்தார், ஒரு கை, பிறகு மற்றக் கை. இரண்டு கையுறைகளையும் உதறி மணலைக் கொட்டினார். "கண் தெரியாது எண்டு தெரிஞ்சுகொண்டு," என்றார், குரல் உடைந்து கோபமாகவே வந்தது, "பிறகு ஏன்ரா பொறுப்பம் எண்டு சொன்னனீ?"

கிளமென்ற் யோசித்தான். நல்லவனாக இருக்கவேண்டும் என்று இல்லை. வெல்லலாம் என்றும் இல்லை. பயம் விட்டுப்போனது பிறகுதான், அதற்கும் இதற்கும் தொடுசல் இல்லை. தேடத் தேட எல்லாக் காரணமும் கையில் அகப்பட்டு அகப்பட்டு நழுவியது, கடைசியில் ஒன்றுதான் மிஞ்சியது, அது ஒரு காரணமா என்றும் அவனுக்குத் தெரியவில்லை.

"அவங்கள் வாறம் எண்டு சொன்னவங்கள்" என்றான்.

பேதுருப்பிள்ளை எழும்பி, மோட்டார் சைக்கிளில் ஏறி, பின் இருக்கையைக் கையால் துடைத்தார். "ஏறு" என்றார். "காலமை வெள்ளணப் போகவேணும் ஆசுப்பத்திரிக்கு. மெற்றில்டாவையும் வெளிக்கிடச் சொல்லு."